தொட்டபெட்டாவுக்குக் கண்ணாடிப் பாலம் வேண்டுமா?

லவ்டேல் விடுதிக்காரர் எழுதியது:

சென்ற வாரம் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குப் போய்விட்டு வந்தேன். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பார்க்கத்தான் போனோம். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பாலத்தின் நடுவில் நின்று, காலுக்கடியில் அலை பாறையில் மோதி வெள்ளையாக உடைவதைப் பார்த்தவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனால் திரும்பிப் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அக்கம்பக்கத்தில் அதே பேச்சுதான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. என்னிடம் இருப்பது நான்கு அறைகள். ஏப்ரல், மே மாதங்களில் நிறையும். ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு அறைகளைப் பூட்டி வைத்துவிடுகிறேன். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஊட்டியில் புதிதாக என்ன இருக்கிறது?" தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது. ஏரி அதற்கும் முந்தியது. மலை ரயில் ஊட்டியை எட்டியது 1908-ல். புதியது என்று நாம் சொல்லும் ரோஜாப் பூங்காவே 1995-ல் வந்தது. என் தாத்தா கைகாட்டிய இடங்களைத்தான் நானும் கைகாட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அங்கே ஒரு கண்ணாடிப் பாலமும், குன்னூரிலிருந்து ஒரு ரோப்காரும் வந்தால் ஆண்டு முழுவதும் ஆள் வரும். கடற்கரை ஊர்கள் செய்வதை மலை ஊர் ஏன் செய்யக் கூடாது? மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்.

குன்னூர் ரயில்வே வீட்டுப் பேரன் எழுதியது:

அண்ணா, வணக்கம். அம்மாவின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தப் பாலம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். விவேகானந்தர் மண்டபம் 1970-லேயே வந்துவிட்டது. 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. கடல் உள்வாங்கினாலும் சீறினாலும் படகு சிலைப் பாறைக்குப் போகாது. வந்தவர்கள் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டு, எதிரே நிற்கும் வள்ளுவரை எட்டி நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தக் குறையைத் தீர்க்க வந்தது பாலம். கண்ணாடி அதற்கு மேலே போட்ட அழகு. தொட்டபெட்டாவில் எந்த இரண்டு இடங்களை இணைக்கப் போகிறீர்கள்? சிகரத்துக்கு ரோடு இருக்கிறது, மேலே தொலைநோக்கி இல்லம் இருக்கிறது. பாலத்தின் ஒரு முனை சோலைக்காட்டுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். நடந்தவர் அப்படியே திரும்பி வர வேண்டும்.

இன்னொன்று. மலை ரயிலைப் பழசு என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என் தாத்தா கல்லாறு பாதையில் கேங்மேனாக இருந்தவர், அதனால் எனக்கு வலிக்கிறது. ஒரு முறை ஹில்குரோவ் ஸ்டேஷனில் இறங்கி நின்று பாருங்கள். எஞ்சின் தண்ணீர் பிடிக்கும். பயணிகள் டீ குடிப்பார்கள், குரங்குகள் பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும். யாரும் பார்க்காத ஒன்று தண்டவாளத்தின் நடுவில் இருக்கிறது: பக்கத்தில் பக்கமாக இரண்டு பல் பட்டைகள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் பள்ளம். ஏதாவது ஒரு பல் எப்போதும் எஞ்சினின் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக அப்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். 12 அடி போனால் 1 அடி ஏற்றம். ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும், அதனால் ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நின்று, முதல் பெட்டியிலிருந்து ஒருவர் காட்டுவதை அடுத்தவர் வாங்கிப் பின்னால் கடத்துவார். 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ இதைத்தான் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

சீசனில் இந்த ரயிலில் ஓர் இருக்கைக்கு எத்தனை பேர் அலைகிறார்கள் என்று உங்கள் விருந்தினர்களையே கேளுங்கள். பணம் இருந்தால் இன்னும் பெட்டிகளும் எஞ்சின்களும் வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்த கைகள் வேண்டும். 37 கோடியைக் கண்ணாடியில் போட எனக்கு மனம் வரவில்லை.

கூடலூர் வண்டிக்காரர் எழுதியது:

தம்பி, உன் தாத்தாவின் பாதையைப் பற்றி நீ எழுதியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த ரயிலில் ஏற முடியாதவர்களைத்தான் நான் இருபத்திரண்டு வருடமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி, மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகள். ஞாயிறு விடியற்காலை புறப்பட்டு இரவே திரும்ப வேண்டும். புளிசாதத்தைத் தூக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். பல வாரத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து வைக்க அவர்களால் முடியாது. பாரம்பரியம் என்று நீங்கள் சொல்வதில் பாதி அவர்களுக்குப் பூட்டிய கேட். கிளப்புக்குள் விடமாட்டார்கள், பள்ளிக்கூடங்களுக்குள் விடமாட்டார்கள். தோட்டத்து பங்களாவை ரோட்டில் நின்று பார்க்கலாம். பைன் காட்டுக்கும் ஷூட்டிங் மட்டத்துக்கும்தான் நான் கூட்டிப்போகிறேன். அங்கே என்ன சரித்திரம் இருக்கிறது? பிள்ளைகள் புல்லில் உருளுகின்றன, அதுவே போதும் என்று திரும்புகிறார்கள்.

கண்ணாடிப் பாலம் வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். டிக்கெட் குறைவாக வைத்து, ஒரு மணி நேரம் நிற்க விட்டால் அந்தக் குடும்பம் ஒரு வருடம் பேசும். ஒரே நிபந்தனை: வேலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு. இதற்கு முன்னால் ஒரு கேளிக்கைப் பூங்கா வந்தபோது எங்கள் தெருவில் எட்டுப் பேருக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். இரண்டு பேருக்குக் கிடைத்தது, அதுவும் பெருக்கும் வேலை.

பிரைட்டனில் வாழும் கேத்திப் பெண் எழுதியது:

நான் கேத்தியில் பிறந்தவள். ஒன்பது ஆண்டுகளாக இங்கிலாந்தின் பிரைட்டனில் செவிலியராக இருக்கிறேன். கடற்கரை ஊர் என்று அண்ணன் தொடங்கியதால் என் வாசலில் நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே வெஸ்ட் பியர் என்று கடலுக்குள் நீளும் ஒரு பழைய உல்லாசப் பாலம் இருந்தது. 1866-ல் திறந்தது; பராமரிக்க முடியாமல் 1975-ல் மூடினார்கள்; 2003-ல் தீப்பிடித்தது. இன்று இரும்பு எலும்புக்கூடு மட்டும் தண்ணீரில் நிற்கிறது. அது கரையைத் தொட்ட இடத்திலேயே 2016-ல் ஐ-360 என்று 162 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்பினார்கள். கண்ணாடிக் கூண்டு ஒன்று மனிதர்களை ஏற்றிக்கொண்டு மேலே போய் இறங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு நகராட்சி கடன் வாங்கிக் கொடுத்தது. கணக்கிட்ட கூட்டம் வரவில்லை. 2024 நவம்பரில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனபோது நகராட்சிக்கு வர வேண்டிய பாக்கி 5 கோடி பவுண்டுக்கு மேல். பிறகு வேறொருவர் வாங்கித் திறந்தார். கடனின் சுமை ஊர்மக்கள் தலையில்.

ஒருமுறை நானும் ஏறினேன். அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை ஏறத் தோன்றவில்லை. ஆனால் குளிர்கால மாலைகளில் மைனா இனத்துப் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடி, அந்தச் சிதைந்த பாலத்துக்கு மேலே புகைபோலச் சுழன்றுவிட்டு ஒரே நொடியில் அடங்கும். டியூட்டி முடித்து வரும் வழியில் எத்தனை முறை நின்று பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. டிக்கெட் கிடையாது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. இதே ஊரில் 1883-ல் ஓடத் தொடங்கிய வோல்க்ஸ் மின்ரயில் கடலோரமாக இன்றும் ஓடுகிறது. உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மின்ரயில்களில் அதுவே மிகப் பழையது. வடக்கே சால்ட்பர்ன் என்ற ஊரில் 1884-ல் அமைத்த குன்றுத் தூக்கி இருக்கிறது. மேல்பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது கனத்துக் கீழே இறங்கும், கீழ்ப்பெட்டி மேலே ஏறும். மேட்டில் இருக்கும் ஊரிலிருந்து கடற்கரைக்கு இறங்க மக்களுக்கு வழி வேண்டும் என்பதற்காகச் செய்தது. இன்றும் குழந்தைகள் அதற்காகவே வருகிறார்கள்.

லவ்டேல் விடுதிக்காரர் எழுதியது:

நன்றி தங்கச்சி. ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கும் வலு சேர்க்கிறது. 1884-ல் அந்தத் தூக்கி புதிய காட்சிதானே? 1908-ல் நம் ரயிலும் புதுசுதானே? மலையை வெட்டி, பாறையைக் குடைந்து, 250 பாலம் போட்டார்கள். அன்றைக்கு "எதற்கு இது" என்று நிறுத்தியிருந்தால் யுனெஸ்கோவுக்குக் காட்ட நம்மிடம் என்ன இருந்திருக்கும்? அந்தத் துணிச்சல் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோடு போக வேண்டுமா?

குன்னூர் ரயில்வே வீட்டுப் பேரன் எழுதியது:

ரயில் மக்களையும் தேயிலையையும் ஏற்றி இறக்கத்தான் வந்தது அண்ணா. அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் போன ஆட்களும் அதில்தான் போனார்கள். வேலைக்கு வந்தது, பிறகு காட்சியானது. நீங்கள் கேட்பது பார்வைக்கு மட்டும்.

கோத்தகிரி டீச்சர் எழுதியது:

எல்லோரையும் படித்தேன். முப்பத்தோரு ஆண்டு வரலாறு கற்பித்தவள் என்ற முறையில் சில சொல்ல வேண்டும்.

முதலில் கூடலூர்த் தம்பிக்கு. நீங்கள் சொன்ன பூட்டிய கேட் என்னையும் உறுத்துகிறது. பாரம்பரியம் என்றாலே சல்லிவன் கட்டிய கல் வீடு, சல்லிவன் வெட்டிய ஏரி என்று பாடம் நடத்திப் பழகிவிட்டோம். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் மலை ஏறினார் என்று தொடங்குவோம். அவருக்கு முன்பே இங்கே தோடர்களின் மந்துகளும் படுகர்களின் ஹட்டிகளும் கோத்தர்களின் கோக்கால்களும் என ஊர்கள் இருந்தன என்பது இரண்டாவது பத்தியில்தான் வரும். புனித ஸ்டீபன் தேவாலயத்தைக் காட்டும்போதும் கட்டடத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதன் மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால் பாக் மாளிகையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. அந்த உத்திரங்களை மலைமேல் ஏற்றிய கைகளை நினைத்துப் பார்த்தால் கட்டடம் வேறு விதமாகத் தெரியும். இதைச் சொல்லித் தர ஓர் ஆள் வாசலில் நின்றால் திருப்பூர்க் குடும்பம் கேட்காதா? கேட்கும். என் மாணவர்கள் எல்லோரும் தேயிலை பறிப்பவர்களின் பிள்ளைகள். கண் கொட்டாமல் கேட்டார்கள்.

அவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போயிருக்கிறேன். 1620-ல் டேனியர்கள் எழுப்பிய கோட்டை, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் இறங்கிய கரை, அதே கரையில் கடல் பாதியைக் கொண்டுபோய்விட்ட பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். பிள்ளைகள் கோட்டையில் ஓடினார்கள், கோயிலின் முன்னால் மட்டும் அமைதியாகிவிட்டார்கள். ஒரு பெண் கேட்டாள், "டீச்சர், கடல் இன்னும் வருமா?" புதுச்சேரியில் மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடம் 2014-ல் மழையில் இடிந்து விழுந்ததையும், பழைய உருவத்திலேயே எழுப்பி 2021-ல் திறந்ததையும் சொன்னேன். கவனிக்காமல் விட்டால் விழும் என்பதைக் கடற்கரை ஊர்கள் கண்ணெதிரே பார்த்திருக்கின்றன.

விடுதிக்காரத் தம்பிக்கு: ரோப்கார் என்பதை நான் அடியோடு மறுக்கவில்லை. வேடிக்கைக்காக என்றால் வேண்டாம். மேட்டுப்பாளையம் ரோட்டில் மணிக்கணக்கில் நிற்கும் கார்களைக் குறைக்கும் போக்குவரத்தாக வந்தால் அதைப் பேசலாம்.

குன்னூர் ரயில்வே வீட்டுப் பேரன் எழுதியது:

டீச்சர், மன்னிக்க வேண்டும், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. தூண் போட ஒவ்வொரு இடத்திலும் மண்ணைத் தோண்ட வேண்டும். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் ரயில் பாதையில் பாறை உருளுகிறது. அந்தச் சரிவில் புதிதாக எதையும் ஊன்ற எனக்குத் துணிவில்லை.

பாலாடா விவசாயி எழுதியது:

நான் கேரட், பூண்டு போடுகிறவன். சுற்றுலாவைப் பற்றிப் பேச எனக்கு என்ன இருக்கிறது என்று இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு விஷயம்.

தண்ணீர். ஊட்டிக்குக் குடிநீர் பெரும்பாலும் பார்சன்ஸ் வேலியிலிருந்து வருகிறது. மே மாதம் ஊர் நிரம்பும்போது அதே தண்ணீரைத்தான் எல்லோரும் பங்கிட வேண்டும். உயர் நீதிமன்றம் சும்மா கட்டுப்பாடு போடவில்லை. 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்ற கேள்வி கோர்ட் வரைக்கும் போயிருக்கும்போது, இன்னும் ஆள் வர என்ன செய்யலாம் என்று பேசுவது எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது, புதுசு வேண்டும் என்கிறீர்கள். எங்கள் முத்தோரை மேட்டில் ஒன்று நிற்கிறது. தினமும் அதன் கீழேதான் தோட்டத்துக்குப் போகிறேன். சரிவில் வடக்குத் தெற்காக 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பெரிய சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய எவர்சில்வர் கம்பிகள் 1,100. பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ கம்பி வேலி என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். அது ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானி வடிவமைத்து, நம் நாட்டு ஆட்களே கட்டி, 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது. ஏன் இந்த மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. இந்தச் சரிவும் 11 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் இந்தத் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். காலையில் பனி கம்பியில் உருண்டு சொட்டும்போது நின்று பார்ப்பேன். என் அப்பா அந்தச் சட்டங்களுக்குக் கல் சுமந்தவர். இது எந்த வெள்ளைக்காரன் கட்டியது?

லவ்டேல் விடுதிக்காரர் எழுதியது:

அண்ணா, நான் லவ்டேலில் பிறந்தவன். அந்த வழியாக நூறு முறையாவது போயிருப்பேன். அந்த மேடு 11 பாகை சாய்ந்திருக்கும் விஷயம் இன்றுதான் தெரிகிறது. அதைக் கேட்டு உண்மையாகவே தலைகுனிந்தேன்.

மேல்மலைவாசி, கொடைக்கானல் எழுதியது:

பழனி மலையிலிருந்து ஒரு குரல். இங்கேயும் அதே கதைதான். சூரிய ஆய்வகம் 1899-ல் வந்தது. சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் கண்டுபிடித்த இடம். வருகிறவர்களில் பத்தில் ஒருவர் கேட்டால் அதிகம். எல்லோரும் குணா குகைக்கும் தூண் பாறைக்கும் ஓடுகிறார்கள். ஏரியில் கூட்டம் தாங்காததால் இப்போது மன்னவனூர், பூம்பாறை வரை கார்கள் வருகின்றன. பூம்பாறையில் பூண்டு காயப்போட்டிருக்கும் முற்றத்தில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கிறார்கள். கூட்டத்தைப் பிரித்து அனுப்பினால் ஏரி தப்பிக்கும் என்றார்கள். இப்போது எங்கள் கிராமமும் ஏரிபோல ஆகிக்கொண்டிருக்கிறது. பாலாடா அண்ணன் தொலைநோக்கியைக் காட்டட்டும், ஆனால் எத்தனை பேருக்கு, எந்த வண்டியில் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் காட்டுங்கள்.

மந்துப் பெண் எழுதியது:

தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோடர் மந்து பலருக்கும் தெரியும். பூங்கா பார்த்துவிட்டு ஏறி வருகிறார்கள். என் உறவினர் வீடு அங்கே இருக்கிறது. வீட்டு வாசலில் உட்கார்ந்து பூத்துக்குளி என்ற எங்கள் போர்வையில் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது, என்னைக் கேட்காமலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பாரம்பரியம் பற்றி நீங்கள் பேசும்போது, உங்கள் பட்டியலில் நாங்களும் ஒரு காட்சியாக வந்துவிடக் கூடாது.

எங்கள் தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் கோடு போடமாட்டோம், அச்சு வைக்கமாட்டோம். வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்பும் ஏற்றுவோம். ஓர் இழை தப்பினால் அந்த வரிசையைப் பிரிக்க வேண்டும். ஒரு பெரிய போர்வைக்கு மாதக்கணக்கில் ஆகும். கடைத்தெருவில் மெஷினில் அடித்ததை "தோடர் சால்வை" என்று விற்கிறார்கள், வாங்குகிறவர்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை. புதிதாக ஏதாவது கட்டப் பணம் இருந்தால், நாங்களே உட்கார்ந்து, நாங்களே விலை சொல்லி விற்க ஒரு கூடம் கொடுங்கள். எங்கள் மந்தில் வேண்டாம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்.

கூடலூர் வண்டிக்காரர் எழுதியது:

தங்கச்சி சொன்னது நியாயம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வந்தால் என் வண்டியில் வருகிறவர்களும் கட்டாயம் இறங்குவார்கள்.

ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 6,000 வண்டி, 8,000 வண்டி என்று அண்ணன் சொன்ன வரம்புக்குள்தான் என் பிழைப்பும் இருக்கிறது. சொந்தக் காரில் நான்கு பேராக வருகிறவர்களைக் குறைத்து, என்னைப் போல் பன்னிரண்டு பேரை ஏற்றும் வண்டிக்கு வழி விடுங்கள். தொலைநோக்கிக்கு அழைத்துப் போகச் சொன்னால் போகிறேன், அந்த 11 பாகைக் கதையைப் பாடம் பண்ணியே சொல்கிறேன். கண்ணாடிப் பாலத்தை மட்டும் ஏழைக்கு வேண்டாம் என்று பணக்காரர்கள் முடிவு செய்யக் கூடாது.

கோத்தகிரி டீச்சர் எழுதியது:

தம்பி, இங்கே யாரும் பணக்காரர் இல்லை. குதிரைப் பந்தய மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குத்தகை பாக்கிக்காக 2024-ல் அரசு அந்த 52 ஏக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சூழல் பூங்கா அமைப்பதாக அறிவித்தது. ஒருகாலத்தில் ஏரி பரவியிருந்த நிலம் அது. பஸ் நிலையமும் அப்படித்தான். ஊரின் நடுவில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஏழையிடம் நுழைவுக் கட்டணம் கேட்காத இடமாக அதை வைத்துக்கொள்ள முடியும். மந்துப் பெண் கேட்கும் கூடத்தை அங்கேயே கேட்போம். சதுப்பை மூடாமல், சிமென்ட் அதிகம் போடாமல்.

லவ்டேல் விடுதிக்காரர் எழுதியது:

பாலம் வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லிவிடவில்லை. ஜூலையில் பூட்டும் இரண்டு அறைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் டீச்சர் சொன்ன கூடத்துக்கு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. பாலாடா அண்ணா, வருகிற சனிக்கிழமை என் வீட்டில் மூன்று விருந்தினர்கள், மதுரைக் கல்லூரிப் பிள்ளைகள். முத்தோரைக்கு அழைத்து வரலாமா? உள்ளே விட அனுமதி இல்லையென்றாலும் ரோட்டில் நின்று நீங்கள் சொன்னாலே போதும்.

பாலாடா விவசாயி எழுதியது:

காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு கேரட் கழுவும் இடத்துக்குப் போக வேண்டும். காரில் வேண்டாம், ஊட்டியிலிருந்து பாலாடா பஸ் இருக்கிறது. முத்தோரையில் இறங்குங்கள், நான் அங்கே நிற்கிறேன்.